மஞ்சள் தூளும் மைனாக் குஞ்சுகளும்

துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். ஓய்வு பெற்றவர்களிடம் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். நான் சாதித்ததை எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். அப்படியும் சில உண்டு, ஆனால் அதைப் படித்து உங்களுக்கு ஒரு காசு பிரயோஜனம் இல்லை. நான் சொதப்பிய கதை ஒன்று இருக்கிறது, அதை எழுதுகிறேன். சொதப்பியது நான். சரிசெய்தது என் மாணவி. முப்பத்திரண்டு வருஷம் விலங்கியல் சொல்லிக்கொடுத்ததில் நான் வாயைப் பிளந்து பார்த்த ஆள் அவள் ஒருத்திதான்.

பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் என்னைத் தொலைத்துவிடுவாள். பட்டாபிராமில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். கணவருக்கு அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. பள்ளிக்கூடத்தையும் பார்த்துக்கொண்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு, என்னிடம் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்திருந்தாள். பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் எல்லோரும் அவளை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

ஆய்வுத் தலைப்பு எச்சரிக்கை நிறம். உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஏரியை ஒட்டி இன்னும் வீடு கட்டாத மனைகளில் எருக்கு மண்டிக் கிடக்கும். அதன் இலையில் மஞ்சளும் நீலமுமாக வரி போட்ட வெட்டுக்கிளி ஒன்று உட்கார்ந்திருக்கும். மற்ற வெட்டுக்கிளிகள் எல்லாம் புல்லோடு புல்லாக ஒளிந்துகொண்டிருக்க, இது மட்டும் ஜரிகைச் சட்டை போட்ட கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். ஓடாது, ஒளியாது. எருக்கம்பாலில் உள்ள நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்திருக்கிறது, அந்தத் தைரியம். தின்ற பறவை குமட்டிக்கொண்டு துப்பும். அடுத்த தடவை அந்த நிறத்தைக் கண்டாலே ஒதுங்கிப் போகும்.

கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். மங்கல் நிற வெட்டுக்கிளிகளுக்கு நடுவில் முதன்முதலாக ஒன்று பளிச்சென்று பிறக்கிறது. அந்த நிறத்துக்கு இன்ன அர்த்தம் என்று எந்தப் பறவைக்கும் தெரியாது. பளிச்சென்று இருப்பதால் முதலில் கண்ணில் படுவது அதுதான், முதலில் சாவதும் அதுதான். பறவை பாடம் கற்றுக்கொள்வதற்குள் பாடம் நடத்தியவன் பறவையின் வயிற்றில். அப்புறம் அந்த நிறம் எப்படித் தலைமுறை தாண்டி வந்தது?

புத்தகங்களில் இதற்குச் சில விடைகள் உண்டு. தோல் கெட்டியாக இருந்தால் பறவை துப்பியபின் உயிரோடு தப்பலாம். ஒரே முட்டைக் கூட்டிலிருந்து வந்த உடன்பிறப்புகள் கும்பலாக இருந்தால் ஒன்று செத்தாலும் மற்றவை பிழைக்கும், அவற்றிலும் அதே நிறம் ஓடும். பறவைகளுக்குப் புதிதாக எதைக் கண்டாலும் ஒரு தயக்கம் இருக்கலாம். இன்னும் சிலர், பறவைகள் பிறக்கும்போதே சில நிறங்களுக்குப் பயந்துதான் பிறக்கின்றன என்பார்கள். இதில் நம் ஊர் மைனா எந்தக் கட்சி என்பதுதான் டீச்சரின் கேள்வி. பயம் பிறவியிலேயே வருகிறதா, பட்டுத் தெரிந்துகொள்கிறதா?

இதற்குக் கிழட்டு மைனா உதவாது. அதற்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும். அப்போதுதான் கூட்டைவிட்டு வெளியே வந்து, வாயைப் பிளந்துகொண்டு அம்மா பின்னால் ஓடுகிற குஞ்சு வேண்டும். அது கோடையில்தான் கிடைக்கும். வருஷத்துக்கு ஒருமுறை சில வாரங்கள், அவ்வளவுதான். தவறவிட்டால் அடுத்த வருஷம்.

சோதனையை நாங்கள் மாவு உருண்டைகளை வைத்துச் செய்தோம். பழுப்பு உருண்டை, மஞ்சள் உருண்டை. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் மஞ்சள் உருண்டையில் மட்டும் நிலவேம்புக் கசாயம் கலந்து கசப்பாக்கினோம். அம்பத்தூரில் எங்கள் கல்லூரி விடுதிக்குப் பின்னால் அதைத் தலைகீழாக்கி, பழுப்பைக் கசப்பாக்கி மஞ்சளைச் சும்மா விட்டோம். குஞ்சுகள் பட்டுத்தான் கற்கின்றன என்றால் ஏரிக்கரைக் குஞ்சுகள் மஞ்சளை விட வேண்டும், அம்பத்தூர்க் குஞ்சுகள் பழுப்பை விட வேண்டும்.

நிறத்துக்கு என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. கடையில் விற்கும் ஃபுட் கலர் வாங்கலாமா மேடம் என்று அவள் கேட்டாள்.

“அதுல என்னென்ன கெமிக்கல் இருக்கோ! குஞ்சு ஏதாவது ஆயிட்டா யார் பதில் சொல்றது? பழுப்புக்குக் கேழ்வரகு மாவு, மஞ்சளுக்கு மஞ்சள் தூள். நம்ம சமையலறையில இல்லாதது எதுவுமே வேண்டாம்.”

சொன்னது நான். எனக்கு அதில் பெருமை வேறு. வெளியூர்க் கருத்தரங்கு ஒன்றில் அதை ஒரு மேற்கோள் மாதிரி சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

இரண்டு கோடை வேலை செய்தாள். விடியற்காலையில் பட்டாபிராமிலிருந்து ஸ்கூட்டியில் ஏரிக்கரைக்கு, அங்கிருந்து அம்பத்தூருக்கு, பிறகு பள்ளிக்கு. கிடைத்த முடிவு எங்களைத் தூக்கிவாரிப் போட்டது. ஏரிக்கரைக் குஞ்சுகள் மஞ்சளை விட்டன, சரி. அம்பத்தூர்க் குஞ்சுகள் கசந்த பழுப்போடு சேர்த்து, கசக்காத மஞ்சளையும் தொடாமல் விட்டன! பிறவியிலேயே மஞ்சளுக்குப் பயம்! நான் துறை வராந்தாவில் குதிக்காத குறைதான். பெரிய ஆய்விதழில் வரும், உன் பெயரும் என் பெயரும் சேர்ந்து வரும் என்றேன். அவளுக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவளுடைய குறிப்பேட்டில், அம்பத்தூர் மஞ்சள் உருண்டைகளுக்கு நேரே, நாள் தவறாமல் ‘ஒரு கொத்து’ என்று எழுதியிருந்தாள். உருண்டை அப்படியே கிடக்கும், ஒரே ஒரு இடத்தில் அலகு பட்ட தடம் இருக்கும். இது என்ன மேடம் என்று கேட்டாள். ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போது எழுதும்போதுகூட எனக்கு முகம் சூடாகிறது. நிறத்துக்குப் பயந்த பறவை எதற்காக ஒரு கொத்துக் கொத்த வேண்டும்? முதலாம் ஆண்டு மாணவன் கேட்கும் கேள்வி இது.

பதிவுக்காலம் முடிகிற வருஷம் வந்தது. ஏற்கெனவே இரண்டு நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. இனி நீட்டிப்பு கிடையாது, ஜூலை கடைசிக்குள் ஆய்வேடு வராவிட்டால் பதிவு ரத்து என்று கடிதம் வந்திருந்தது. ஆறு வருஷ உழைப்பு. மறுபடி பதிவு செய்து முதலிலிருந்து தொடங்க அவளுக்கு வீட்டிலும் நேரமில்லை, பள்ளியிலும் விட மாட்டார்கள். நாங்கள் கவலைப்படவில்லை. எழுதவேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தோம்.

மார்ச் மாதம் ஒரு காலையில் ஆய்வேட்டில் போடப் படம் எடுப்பதற்காக இரண்டு பேரும் ஏரிக்கரைக்குப் போனோம். அங்கே பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக்கு வாட்ச்மேன் கோதண்டன். டீச்சர் உருண்டை வைக்கும்போதெல்லாம் கையில் டீ கிளாஸோடு வந்து வேடிக்கை பார்ப்பார். அன்றைக்கு அவள் டிபன் பாக்ஸைத் திறந்ததும் எட்டிப் பார்த்தார்.

“இன்னா டீச்சர், மஞ்சத்தூளா கலந்துகினு கீற?”

“ஆமாண்ணே. கலருக்கு.”

“எங்க ஊட்ல எறும்பு வராம இருக்க அதத்தான் வாசப்படில தூவுவோம். எறும்பே கிட்ட வராது, குருவி எப்பிடித் துன்னும்? நீ துன்னுவியா, சொல்லு. பச்ச மஞ்சத்தூளு, காறல் தாங்காது.”

நான் சிரித்தேன். சரிதான் போங்க என்றுகூடச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கையில் இருந்த உருண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ரெண்டு தடவை கூப்பிட்டபிறகுதான் திரும்பினாள்.

நான்கு நாள் கழித்து என் அறைக்கு வந்தாள். அந்த நான்கு நாளும் அவள் என்ன செய்திருக்கிறாள் என்றால், பழுப்பு உருண்டைக்குள் மஞ்சள் தூளை ஒளித்துவைத்து, எருக்கு இல்லாத, நாங்கள் உருண்டையே வைக்காத தன் பள்ளி மைதானத்து மைனாக்களுக்குப் போட்டிருக்கிறாள். கொத்திவிட்டுத் துப்பிவிட்டன. ஃபுட் கலர் போட்டு மஞ்சளாக்கிய வெறும் மாவையும் வைத்திருக்கிறாள். ஒன்று மிச்சமில்லாமல் தின்றுவிட்டன. குறிப்பேட்டில் ‘ஒரு கொத்து’ என்று எழுதிய பக்கங்களையெல்லாம் மடித்துக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தாள்.

“நிறத்துக்குப் பயப்படல மேடம். ருசி பாத்துட்டுத்தான் விட்டிருக்கு. நாமதான் ரெண்டு வருஷமா மஞ்சள் கசக்குதுன்னு அதுகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கோம்.”

இரண்டு கோடை போச்சு. கையில் இருப்பது நான்கு மாதம். அந்த நேரத்தில் நான் என்ன சொன்னேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னேன்.

“இங்க பாரும்மா. இப்படியே குடுத்துடு. தேர்வாளர் வெளிநாட்டுப் புத்தகம் படிச்சவங்க. மஞ்சள் தூளப் பத்தி ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. பட்டத்த வாங்கிக்க, அப்புறம் நிதானமா மறுபடி செய்யலாம்.”

அவள் மேசைமேல் இருந்த குறிப்பேட்டை மூடினாள். பிறகு மெதுவாகத்தான் சொன்னாள்.

“அந்தக் கேள்விய நான் கேட்டுட்டேனே மேடம்.”

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய அரிச்சந்திரி என்று மனதுக்குள் திட்டினேன். பட்டம் போனால் போவது அவளுக்குத்தான், எனக்கென்ன என்றும் நினைத்தேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு இறங்கவில்லை.

மே மாதம் பள்ளி விடுமுறை விட்ட மறுநாளே ஏரிக்கரைக்கு வந்துவிட்டாள். குஞ்சுகள் அப்போதுதான் பொந்துகளிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. இந்தத் தடவை அவள் புதிதாக ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். கோதுமை மாவு ஒன்றுதான், நிறம் மட்டும் இரண்டு. உருண்டை பிடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு அதில் ஒன்றை வாயில் போட்டுக்கொள்வாள். எது மஞ்சள், எது பழுப்பு என்று நாக்குக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அந்த மாவு முழுவதும் குப்பைக்கு. அவள் நாக்கு அவளையே ஏமாற்றிவிடுமோ என்று கணவருக்கும் கொடுப்பாள். அவர் பாவம், காப்பிக்கு முன்னால் பச்சை மாவு தின்றுவிட்டு வேலைக்குப் போவார். ஏரிக்கரைக்கு வந்ததும் கோதண்டனுக்கு ஒன்று. அதன் பிறகுதான் நிலவேம்பு கலப்பாள்.

“டெய்லி பூரி மாவு குடுக்குற டீச்சர். ஒரு நாளாவது சுட்டுக் குடுக்கக் கூடாதா?” என்பார் கோதண்டன். ஆனால் ஒரு நாளும் வேண்டாம் என்றதில்லை. ஒருநாள் மாவை மென்றுவிட்டு, “மஞ்சளு லேசா உப்பு கீது” என்றார். அவளுக்கும் கணவருக்கும் தெரியவில்லை. இருந்தாலும் அன்றைய மாவு மொத்தத்தையும் குப்பையில் கொட்டிவிட்டு, ஒரு காலைப்பொழுது போனாலும் போகட்டும் என்று வீட்டுக்குத் திரும்பிப் போனாள். ஒரு காலைப்பொழுது அப்போது அவளுக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். என் ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ கருவிகள் வாங்கிப் போட்டிருக்கிறேன். இந்த மூன்று நாக்குகள் அளவுக்கு நான் எதையும் நம்பியதில்லை.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு நாள் என்னை வரச் சொன்னாள். மேடம், நீங்க ஒரு தடவை எருக்குப் பக்கம் உட்காந்து பாருங்க என்றாள். பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். ஒரு மைனா தன் குஞ்சோடு வந்தது. தாய் எருக்கைச் சீந்தவே இல்லை, புல்லுக்குள் எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தது. குஞ்சுக்கு அந்த வரி போட்ட வெட்டுக்கிளி கண்ணில் பட்டுவிட்டது. தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. ஒரு எட்டு வைக்கும், பின்வாங்கும். அந்தத் தயக்கத்தை நான் அத்தனை அருகில் கண்டதில்லை. அப்புறம் டபக்கென்று கவ்விவிட்டது.

ஐயோ, அது பட்ட பாடு! தலையை உதறியது. அலகை மண்ணில் தேய்த்தது, கல்லில் தேய்த்தது. கழுத்தை நீட்டி நீட்டிக் குமட்டியது. தாய் ஒன்றும் கண்டுகொள்ளவில்லை. வெட்டுக்கிளி கீழே மல்லாக்கக் கிடந்தது. செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அது கால்களை உதைத்துப் புரண்டது. ஒரு பின்னங்கால் மடங்கித் தொங்கியது. மற்ற கால்களால் நடந்து போய் அதே செடியில் ஏறி, அதே மாதிரி பளிச்சென்று உட்கார்ந்துகொண்டது. குஞ்சு இன்னொரு செடிக்கு முன்னால் போய் நின்றது. அங்கேயும் ஒன்று இருந்தது. பார்த்தது. பார்த்துவிட்டு அம்மாவிடம் ஓடிப்போய் வாயைப் பிளந்தது.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சிரிக்காதீர்கள். இதைத்தான் முப்பது வருஷமாகக் கரும்பலகையில் படம் போட்டு நடத்தினேன். கெட்டித் தோல், தயக்கம், ஒரு கசப்பில் ஒரு பாடம் என்று ஒவ்வொன்றாக எண் போட்டுச் சொன்னேன். ஒரு நாளும் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்ததில்லை. அந்தக் குஞ்சு கற்றதை அதன் குஞ்சுக்கு முட்டையில் வைத்துக் கொடுக்க முடியாது. அடுத்த கோடையில் வேறொரு குஞ்சு வரும், வேறொரு வெட்டுக்கிளியின் கால் மடங்கும். கோடைக்குக் கோடை இப்படி நடந்து நடந்துதான் அந்த மஞ்சள் இத்தனை மஞ்சளாகியிருக்கிறது. எத்தனை பொறுமையான வேலை! நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள், மேடம் ஆடாதீங்க, குஞ்சு பறந்துடும் என்று அதட்டினாள்.

ஜூலையில் நான்கு நாள் காலைமழை பிடித்துக்கொண்டது. உருண்டை கரைந்து ஓடியது. அட்டவணையில் நான்கு கட்டங்கள் காலியாக நின்றன. முன்பின் நாள்களைப் பார்த்து நிரப்பிக்கொள்ளலாமே என்று என் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். அவள் நான்கு கட்டத்திலும் ‘மழை’ என்று எழுதினாள்.

கடைசியில் வந்த முடிவு அடக்கமானது. மஞ்சளைக் கண்டு எந்தக் குஞ்சும் பிறவியிலேயே பயப்படவில்லை. தயங்கும், கொத்தும், பிறகு கற்றுக்கொள்ளும். கசப்பு மஞ்சளில் இருந்தால் சீக்கிரம் கற்றுக்கொண்டு நன்றாக நினைவு வைத்திருந்தன. கசப்பு பழுப்பில் இருந்தால் கற்றன, ஆனால் மறந்து மறந்து மறுபடி கொத்தின. பளிச்சென்ற நிறத்தால் லாபம் என்றால் அது அந்த நினைவில்தான். வராந்தாவில் குதிக்கிற முடிவு இல்லை. ஆனால் அதில் எந்த இடத்தைத் தட்டிப் பார்த்தாலும் ஆடாது.

எழுதும்போது இன்னொரு சண்டை. மஞ்சள் தூளால் வீணான இரண்டு கோடையைப் பற்றி ஒரு தனி அதிகாரமே எழுதிக்கொண்டு வந்தாள். நான் அதை எடுத்துவிடச் சொன்னேன். நல்ல சோதனை கையில் இருக்கும்போது கெட்டுப்போனதை எதற்குக் கடைபரப்ப வேண்டும்?

“எடுத்துட்டா அடுத்து செய்யற பிள்ளைங்க மறுபடியும் மஞ்சள் தூளத்தான் எடுப்பாங்க மேடம். நம்ம வீட்டுல எல்லாம் அதானே இருக்கு. எங்கூடப் போகட்டும்.”

அதிகாரம் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் ஆய்வேட்டை ஒப்படைத்தாள். ஆவடியில் பைண்டிங் செய்த கடையிலிருந்து நேராகக் கொண்டுபோனதால் அட்டையில் பசை காயாமல் கையில் ஒட்டியது என்றாள்.

சில மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு. பொது அரங்கில் நடக்கும், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். மேடையில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், அவர் பக்கத்தில் நெறியாளர் என்று நான். கீழே என் சக ஆசிரியர்கள், மாணவர்கள், அவள் கணவர். கடைசி வரிசையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் கோதண்டன். தேர்வாளர் மென்மையாகப் பேசுகிறவர், ஆனால் ஒரு வரி விடாமல் படித்துவிட்டு வந்திருந்தார். நேராக அந்த அதிகாரத்தைப் பிரித்தார்.

“இந்தத் தவறை முதலில் கண்டுபிடித்தது யார்?”

“கோதண்டன் அண்ணன் சார். பருத்திப்பட்டில் வாட்ச்மேனாக இருக்கிறார். அதோ உட்கார்ந்திருக்கிறார்.”

அரங்கமே திரும்பியது. கோதண்டன் எழுந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டார். யாரோ கைதட்டினார்கள், எல்லோரும் தட்டினார்கள். தேர்வாளரும் தட்டிவிட்டுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“மிகவும் அடிப்படையான தவறு இது. இரண்டு ஆண்டுகள் இதனால் வீணாகியிருக்கின்றன. மஞ்சள் தூளைப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்தது யார்?”

அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

“நான்தான் சார்.”

எனக்கு முன்னால் ஒலிவாங்கி இருந்தது. கையை நீட்டினால் எட்டும். கீழே என் துறையே உட்கார்ந்திருந்தது, ஓய்வு பெற எனக்கு இன்னும் ஆறே மாதம். இப்போது சொல்கிறேன், இப்போது சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். தேர்வாளர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

பட்டத்துக்குப் பரிந்துரை செய்தார்கள். இவ்வளவு நேர்மையான ஓர் ஆய்வேட்டைத் தான் அதிகம் பார்த்ததில்லை என்று தேர்வாளர் சொன்னார். சொல்லிவிட்டு, இப்படி ஒரு மாணவியை உருவாக்கிய நெறியாளருக்கு வாழ்த்துகள் என்று என் கையையும் குலுக்கினார். நான் குலுக்கினேன்.

எல்லோரும் கலைந்தபிறகு படிக்கட்டில் அவளைப் பிடித்தேன். ஏன் அப்படிச் சொன்னாய், மஞ்சள் தூள் போடச் சொன்னது நான்தானே என்று கேட்டேன். அவள் சுவீட் பாக்ஸைப் பிரித்துக்கொண்டே சர்வசாதாரணமாகச் சொன்னாள்.

“நீங்க சொன்னீங்க மேடம், சரி. வாயில போட்டுப் பாக்காம விட்டது நான்தானே?”

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிய கையோடு சமையலறைக்குப் போனேன். கொஞ்சம் மாவில் மஞ்சள் தூளைப் போட்டுப் பிசைந்து, ஒரு உருண்டை பிடித்து வாயில் போட்டேன். தொண்டைவரை காறியது. தொட்டியில் துப்பிவிட்டுக் குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தேன், போகவில்லை. மறுபடி கொப்பளித்தேன். ஒரு குஞ்சு ஒரே கொத்தில் தெரிந்துகொண்டதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆறு வருஷமும் ஒரு மாணவியும் தேவைப்பட்டிருக்கிறது.

அந்த ஆய்வேடு உங்கள் துறை நூலகத்தில் இருக்கிறது. எடுத்துப் படியுங்கள். நான்காம் அதிகாரத்தில் ‘ஆய்வாளரின் கவனக்குறைவால்’ என்று ஒரு வரி வரும். அது பொய், ஆய்வேடு முழுவதிலும் இருக்கிற ஒரே பொய். மஞ்சள் தூள் போடச் சொன்னது நான். அரங்கத்தில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.